ஆங்கில வகுப்புக்கு எந்த விஞ்ஞானத் தலைப்பு? திருகோணமலை மாணவர்களுக்கான ஓர் ஒப்பீடு

தரம் 10 முதல் உயர்தரம் வரை படிக்கும் மாணவர்களுக்கு, ஒரு தவணை முழுவதும் ஒரே விஞ்ஞானத் தலைப்பைச் சுற்றியே ஆங்கிலத்தில் வாசிக்கவும் எழுதவும் பேசவும் பயிற்சி அளிப்பது பயனுள்ள முறை என்பதில் ஆங்கில ஆசிரியர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எந்தத் தலைப்பைத் தெரிவு செய்வது என்பதில்தான் சிக்கல். திருகோணமலை, கிண்ணியா, மூதூர் வலயங்களில் பாடசாலை ஆங்கிலக் கழகம் நடத்துவோரும், மாலை வகுப்பு நடத்துவோரும், பிள்ளைகளின் ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோரும் இந்தத் தெரிவைப் பெரும்பாலும் தலைப்பின் கவர்ச்சியை வைத்தே செய்துவிடுகிறார்கள். செயற்கை நுண்ணறிவு, விண்வெளி என்று பெயர் சொன்னவுடன் வகுப்பு நிமிர்ந்து உட்காருவது உண்மைதான். ஆனால் நான்காவது வாரத்திலும் மாணவர் எழுதுவதற்கு அதில் ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா என்பதைக் கொண்டு தலைப்பை அளப்பதே சரி என்று நான் கருதுகிறேன்.

நம் மாணவர்களில் மிகப் பெரும்பாலானோர் விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பவர்கள். இதை ஆங்கில வகுப்பில் ஒரு குறையாகக் கருதும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது, அது தவறு. சாதாரண தரத்தை நெருங்கும் ஒரு மாணவிக்கு மின்னோட்டம், அழுத்த வேறுபாடு, வலு, அலை, நோய்க்கிருமி ஆகியவை தமிழில் தெளிவாகத் தெரியும். அவள் ஏற்கெனவே விளங்கிக்கொண்ட ஒன்றை ஆங்கிலத்தில் வாசிக்கும்போது மொழி ஒன்றுதான் சுமை. விளங்காத ஒன்றை ஆங்கிலத்தில் கொடுத்தால் கருத்தும் மொழியும் சேர்ந்து அழுத்துகின்றன. அப்போது அவள் வாக்கியங்களை மனனம் செய்வாளேயன்றி ஆக்கமாட்டாள். எனவே தமிழில் அடித்தளம் உள்ள தலைப்பா என்பதே முதல் கேள்வி. அதற்கு இணையான இரண்டாவது கேள்வி, ஆசிரியருக்குத் தெரியாத ஏதோ ஒன்று மாணவரின் கையில் இருக்கிறதா என்பது. தான் எடுத்த ஓர் அளவீடு, வீட்டுக்கு வந்த ஒரு பட்டியல், பாட்டனாரிடம் கேட்டறிந்த ஒரு செய்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தால்தான் அவர் பேசுவதற்கு உண்மையான காரணம் பிறக்கும். இவற்றோடு, எளிய ஆங்கிலத்தில் நம்பகமான வாசிப்புப் பகுதிகள் கிடைக்கின்றனவா, தலைப்பு எந்த இலக்கண வடிவங்களை இயல்பாகக் கேட்கிறது என்பவற்றையும் பார்க்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவை முதலில் எடுத்துக்கொள்வோம். மாணவரைக் கேட்டால் அவர்கள் முதலில் சொல்வதும் அதுதான். 2022 நவம்பரில் சட்ஜிபிடி பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்ததிலிருந்து அது அவர்களின் கைத்தொலைபேசிக்குள்ளேயே இருக்கிறது. ஆர்வம் உண்மையானது, அதைப் புறந்தள்ளக் கூடாது. ஆயினும் அது செயற்படும் விதம், அதாவது ஏராளமான எழுத்துக்களைக் கொண்டு பயிற்றப்பட்ட ஒரு கணித அமைப்பு அடுத்து வரக்கூடிய சொற்கூறை நிகழ்தகவின்படி கணிக்கும் முறை, சாதாரண தர மாணவருக்குத் தமிழிலேயே முழுமையாகப் பிடிபடாது. ஆகவே வகுப்பு விரைவிலேயே நன்மை தீமை என்ற இரு பத்திகளுக்குள் சுருங்கிவிடுகிறது. முப்பது மாணவர் எழுதினாலும் முப்பதும் ஒன்றுபோலவே இருக்கும். வாசிப்புப் பகுதிகளும் ஓராண்டிலேயே பழையதாகிவிடுகின்றன. நிகழ்தகவைக் கணித பாடத்தில் ஓரளவு ஆழமாகக் கற்ற உயர்தர மாணவருக்கு மட்டும் இதை நான் பரிந்துரைப்பேன். அதிலும் ஒரு பயிற்சி சிறப்பாக அமையும். கோணேசர் கோயிலையோ துறைமுகத்தையோ பற்றி அந்தச் செயலியிடம் ஒரு பந்தி எழுதச் சொல்லி, அதிலுள்ள ஒவ்வொரு கூற்றையும் ஊரில் விசாரித்துச் சரிபார்த்து, எது சரி, எது பிழை, எதற்குச் சான்றில்லை என்று மாணவர் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். சான்று அவரிடம் இருப்பதால் அங்கே எழுத்துக்கு உயிர் வருகிறது.

விண்வெளி அழகான தலைப்பு. 2023 ஓகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 சந்திரனின் தென்துருவப் பகுதிக்கு அருகே இறங்கியதை நம் மாணவர் பலர் நேரலையில் பார்த்தார்கள். தமிழில் அதைப் பற்றிக் கேட்டும் இருக்கிறார்கள். நமக்கு இன்னுமோர் உறவும் உண்டு. புவியைச் சுற்றி ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிறுத்தப்படும் செய்மதி, புவியுடன் ஒரே வேகத்தில் சுழன்று வானில் அசையாது நிற்பதுபோல் தோன்றும் என்பதையும், அத்தகைய மூன்று செய்மதிகளால் உலகம் முழுவதையும் தொலைத்தொடர்பால் இணைக்கலாம் என்பதையும் 1945 இல் ஒரு கட்டுரையில் விளக்கிய ஆதர் சி. கிளார்க், பின்னர் இலங்கையில் குடியேறி, 1950களில் திருகோணமலையின் சுவாமிமலைக் குன்றின் அடிவாரக் கடலில் சுழியோடி, கோணேசர் கோயிலின் மூழ்கிய சிதைவுகளைக் கண்டவர்களில் ஒருவர். அந்தச் செய்மதிக்கு ஒரு சமிக்ஞை போய்த் திரும்ப ஏறத்தாழ கால் செக்கன் ஆகும் என்பதை ஒளியின் வேகத்தைக் கொண்டு மாணவரே கணிக்கலாம். இரண்டு வாரத்துக்கு இது நல்ல விருந்து. அதற்கு மேல் நீட்டினால் வாசித்ததைத் திரும்ப எழுதுவதைத் தவிர வேறு வேலை கிடைப்பது கடினம்.

கடல் அப்படியல்ல. திருகோணமலைக் குடாவிலிருந்து ஆழ்கடலை நோக்கி இறங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு உலகின் பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகளுள் ஒன்று. கரைக்கு இவ்வளவு அருகே இவ்வளவு ஆழம் இருப்பதனால்தான் நீலத் திமிங்கிலங்களும் எண்ணெய்த் திமிங்கிலங்களும் கரையிலிருந்து காணக்கூடிய தூரத்துக்கு வருகின்றன. வேறு கடல்களிலுள்ள நீலத் திமிங்கிலங்கள் உணவுக்காகத் துருவப் பகுதிகளுக்குப் போய்வர, வட இந்து சமுத்திரத்தவை ஆண்டு முழுவதும் வெப்பவலயக் கடலிலேயே தங்கிவிடுவதை ஆய்வாளர் வியப்போடு ஆராய்கின்றனர். 1979 இல் இந்து சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் திருகோணமலைக்கு அப்பாலுள்ள கடலில் நடந்த படகு ஆய்வுகள் இந்தத் திமிங்கிலங்களை உலகுக்கு அறிமுகப்படுத்தின. தெற்கே தெவிநுவரவுக்கு அப்பால் கப்பல்கள் திமிங்கிலங்களை மோதுவதைக் குறைக்கும் பொருட்டு, பெரிய கப்பல் நிறுவனம் ஒன்று 2022 இல் தன் கப்பல்களின் பாதையை மேலும் தெற்கே தள்ளியது. உறுதியாகத் தெரிந்ததையும் அனுமானத்தையும் பிரித்துச் சொல்லும் ஆங்கில நடையைக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான தலைப்பு அரிது. ஏனெனில் வாசிக்கும் ஒவ்வொரு பகுதியிலும் ஆய்வாளர்களே இருக்கலாம், போலும், பெரும்பாலும் என்று எழுதியிருப்பார்கள்.

இதில் ஒரு குறை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. திமிங்கிலம் பார்க்கும் படகுகள் உல்லாசப் பயணிகளுக்கானவை. அவற்றின் கட்டணம் நம் மாணவர் குடும்பங்களுக்கு எட்டாதது. கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் நிலைமை மாறும். நிலாவெளியிலோ சல்லியிலோ உள்ள ஒரு தந்தை, எந்த மாதத்தில், எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம் நோக்கிப் போகும் திமிங்கிலத்தைக் கண்டார் என்பதைப் பிள்ளை தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் அறிக்கையாக்கினால் அது எந்தப் பாடநூலிலும் இல்லாத வாசகம். 2003 இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவின் பவளப் பாறைகளையும் இதனுடன் சேர்க்கலாம். நீர் வழக்கத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் அளவு சூடாகி வாரக்கணக்கில் நீடித்தால் பவளம் தன்னுள் வாழும் அல்காக்களை வெளியேற்றி வெளிறுகிறது என்பதை ஒளித்தொகுப்பு படித்த மாணவர் உடனே பிடித்துக்கொள்வார்.

உள்ளூர்த் தலைப்புகள் என்றதும் புல்மோட்டைக் கனிய மணலையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் பலர் சொல்வார்கள். புல்மோட்டையில் இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கன் ஆகியவற்றைப் பிரிக்கும் முறை செயப்பாட்டு வினைக்கு மிகச் சிறந்த களம்: மணல் அகழப்படுகிறது, கழுவப்படுகிறது, காந்தத்தால் இல்மனைற்று பிரிக்கப்படுகிறது, மின்னைக் கடத்தும் உரூற்றைல் கடத்தாத சேர்க்கனிலிருந்து நிலைமின் முறையில் வேறாக்கப்படுகிறது. கறுத்த மணலிலிருந்து வெள்ளைப் பூச்சுக்கான தைத்தேனியம் ஈரொட்சைட்டு கிடைப்பது மாணவரை வியக்க வைக்கும். ஆனால் ஓர் அலகுக்குப் போதுமே தவிரத் தவணைக்குப் போதாது. கன்னியாவில் ஏழு கிணறுகளின் வெப்பநிலையையும் வெப்பமானியால் அளந்து ஓர் ஆய்வுகூட அறிக்கை எழுதுவது அரை நாள் வேலைக்கு நன்று.

டெங்கு வேறு வகையான தலைப்பு. 2017 மார்ச்சில் கிண்ணியாவைத் தாக்கிய டெங்குப் பரவலை அங்குள்ள குடும்பங்கள் மறந்திருக்க முடியாது. அந்த ஆண்டு நாடு முழுவதும் 186,000 க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர். நுளம்பின் வாழ்க்கை வட்டம், பகலில் கடிக்கும் பழக்கம், தேங்கிய தெளிந்த நீரில் பெருகும் தன்மை, நான்கு வகை வைரசுகள் ஆகிய யாவும் தமிழில் தெரிந்தவை. கட்டளை வாக்கியம், வரிசைமுறை, எச்சரிக்கை ஆகிய எளிய வடிவங்களே போதுமாதலால் ஆங்கிலத்தில் மிகவும் பின்தங்கிய மாணவரும் முதல் வாரத்திலேயே ஒரு துண்டுப்பிரசுரம் எழுதிவிட முடியும். பாடசாலை வளவில் நீர் தேங்கும் இடங்களை எண்ணி அட்டவணையாக்கலாம். விஞ்ஞானம் மேலே போகவும் இடமுண்டு: வொல்பாக்கியா என்ற பற்றீரியாவை உடலில் கொண்ட நுளம்புகள் வைரசைப் பரப்பும் ஆற்றலைப் பெரிதும் இழக்கின்றன, இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் அவற்றை விடுவித்த பகுதிகளில் டெங்கு நோயாளர் தொகை 77 சதவீதம் குறைந்ததாக 2021 இல் வெளியான ஆய்வு காட்டியது. டெங்குவைக் கட்டுப்படுத்த நுளம்பையே பறக்கவிடுவது சரியா என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்து பேசும். வாசிப்புக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எளிய விளக்கங்கள் இருக்கின்றன. சாதாரண தரத்தில் ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சும் வகுப்பு ஒன்றை நான் பொறுப்பேற்றால் தயங்காமல் இங்கிருந்தே தொடங்குவேன்.

ஆழிப்பேரலையைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும், ஏனெனில் மொழிப் பயிற்சி என்ற அளவில் மட்டும் பார்த்தால் அதுவே எல்லாவற்றிலும் சிறந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 9.1 அளவில் நிலம் நடுங்கி, சுமார் இரண்டு மணி நேரத்தில் அலை நம் கரையை அடைந்தது. அலையின் வேகம் ஆழத்தையும் புவியீர்ப்பு ஆர்முடுகலையும் பெருக்கிக் கண்ட வர்க்கமூலம் என்ற ஒரு வரிச் சமன்பாட்டை மாணவரிடம் கொடுத்தால், 4,000 மீற்றர் ஆழத்தில் மணிக்கு ஏறத்தாழ 710 கிலோமீற்றர் என்றும், 10 மீற்றர் ஆழத்தில் 36 கிலோமீற்றராகக் குறைகிறது என்றும் அவரே கண்டுகொள்வார். வேகம் குறையும்போது அலை ஏன் உயர்கிறது என்ற கேள்வி தானாகவே எழும். கடலடி அழுத்த உணரிகளும் மிதவைகளும் செய்மதியும் சேர்ந்த எச்சரிக்கை முறை இந்து சமுத்திரத்தில் அன்று இல்லை. அதன் பின்னரே கட்டியெழுப்பப்பட்டது. காரணமும் விளைவும், காலவரிசை, அன்று எச்சரிக்கை இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கடினமான நிபந்தனை வாக்கியம் ஆகிய அனைத்தும் இத்தலைப்பில் செயற்கையில்லாமல் வந்து சேர்கின்றன.

இருந்தும் இதை ஒரு தவணைக்குரிய தலைப்பாக நான் தெரிவு செய்யமாட்டேன். மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளிக் கரையிலும் அந்த நாளில் யாரையும் இழக்காத வகுப்பறையைக் காண்பது அரிது. இன்றைய மாணவர் அதற்குப் பின் பிறந்தவர்கள்தான்; ஆனால் தாயிடமோ பாட்டியிடமோ கேட்டு எழுதி வா என்று அனுப்பும்போது, வீட்டில் திறக்கப்படும் துயரத்தைத் தாங்கும் பொறுப்பை நாம் ஏற்பதில்லை. அந்தத் துயரத்தை ஆங்கிலத்தில், அதுவும் பிழை திருத்தப்படும் ஆங்கிலத்தில் எழுதச் சொல்வது எனக்கு ஒப்புதலில்லை. அலையின் இயற்பியலையும் எச்சரிக்கைப் பலகைகளையும் வெளியேறும் பாதைகளையும் மட்டும் எடுத்து, டிசம்பரை ஒட்டி ஒரு வாரம் கற்பிக்கலாம். குடும்பக் கதையைக் கேட்காமலே அது முழுமை பெறும்.

எஞ்சுவது மின்சாரம், குறிப்பாகச் சூரிய மின்சாரம். பெரும்பான்மையான வகுப்புகளுக்கு நான் முன்வைக்கும் தெரிவு இதுவே. முதற் காரணம் எளியது: ஒவ்வொரு வீட்டுக்கும் மின்பட்டியல் வருகிறது. எத்தனை அலகு செலவானது என்பது மாணவரின் கையில் உள்ள எண். வகுப்பிலுள்ள பட்டியல்களைத் திரட்டினால் ஒரு சலாகை வரைபு உருவாகும். அந்த வரைபை ஆங்கிலத்தில் விவரிப்பது பரீட்சைக்கும் நேரடியாக உதவும் பயிற்சி. வீட்டின் நிலை வெளிப்படுவதை விரும்பாத மாணவர் உண்டு என்பதால் பெயரில்லாமல் எண்களை மட்டும் திரட்ட வேண்டும். மாதம் 90 அலகு பாவிக்கும் வீட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று அலகு தேவை. நம் வெயிலில் ஒரு கிலோவாற்றுத் தகடுகள் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு அலகு தரும். கணக்கின்படி போதும். ஆனால் தகடு நண்பகலில் தருகிறது, வீடு இரவில் கேட்கிறது. இந்த இடத்தில் வகுப்பில் எழும் வாதத்தை ஆசிரியர் தூண்டவேண்டிய அவசியமே இல்லை.

இரண்டாவது காரணம் மூதூருக்கு அருகிலுள்ள சம்பூர். 500 மெகாவாற்று நிலக்கரி நிலையம் ஒன்று அங்கே அமைக்கத் திட்டமிடப்பட்டு, 2016 இல் கைவிடப்பட்டு, 2025 ஏப்பிரலில் அதே சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின் நிலையத்துக்கான தொடக்க நிகழ்வு நடந்தது. ஒரு நிலத்தில் இரு தொழில்நுட்பங்களை நேருக்கு நேர் நிறுத்தி ஒப்பிட இதைவிட நல்ல வாய்ப்பு வேறெந்த மாவட்டத்து மாணவருக்கும் இல்லை. நிலக்கரி நிலையம் இரவும் பகலும் இயங்கும், சாம்பலும் கரியமில வாயுவும் வெளியிடும், குளிர்விக்கக் கொட்டியாரக் குடாவின் நீரை நாடும். சூரிய நிலையம் புகையற்றது, ஆனால் பரந்த நிலத்தைக் கேட்கும், மாலையானதும் ஓய்ந்துவிடும். ஒரே வலுவளவு கொண்ட இரு நிலையங்களும் ஓராண்டில் ஒரே அளவு சக்தியைத் தருவதில்லை என்பதைக் கண்டறியும் மாணவர், வலுவுக்கும் சக்திக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழிலும் முதன்முறையாக உறுதியாகப் பிடித்துக்கொள்கிறார். அந்த நிலத்தில் வாழ்ந்தவர்களின் இடப்பெயர்வையும் மீள்திரும்பலையும் விட்டுவிட்டுச் சம்பூரைப் பற்றி எழுதச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. யாருக்காக, யாருடைய நிலத்தில் என்ற கேள்வி தொழில்நுட்பத்தின் உள்ளே இருக்கும் கேள்விதான். ஆழிப்பேரலைக்கு நான் சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்தும்: குடும்ப அனுபவத்தை மாணவர் தாமாகக் கொண்டுவந்தால் இடம் கொடுக்க வேண்டும், கட்டளையிட்டுக் கேட்கக் கூடாது.

மூன்றாவதாக, இத்தலைப்பில் எளிதான விடை கிடையாது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதை எல்லோரும் அறிவோம். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏற்படுத்திய தடங்கல் என்றே செய்தி பரவியது. ஆனால் ஓர் இடத்துத் தடங்கல் நாடு முழுவதையும் இருளாக்கியது ஏன் என்பதுதான் விஞ்ஞானக் கேள்வி. விடுமுறை நாளில் மின் தேவை குறைவு. வெயில் நன்றாக இருந்ததால் சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகம். நீர், நிலக்கரி நிலையங்களின் பாரிய சுழலிகள் தம் சடத்துவத்தால், அதாவது சுழற்சியை எளிதில் விடாத இயல்பால், மின்வலையமைப்பின் 50 ஹேர்ட்ஸ் மீடிறனைச் சற்று நேரம் தாங்கிப் பிடிக்கும். தகடுகளில் சுழல்வது எதுவுமில்லை, ஆகவே தடங்கல் வரும்போது அவை மீடிறனை அப்படித் தாங்கிப் பிடிப்பதில்லை. அதே ஆண்டு ஏப்பிரலில் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில் கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு அதன் உரிமையாளர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். தூய சக்தி நல்லது என்று மனப்பாடமாகச் சொல்லப் பழகிய மாணவர், அது ஏன் சில நாட்களில் நிறுத்தப்படுகிறது என்று விளக்க முற்படும்போது அவருடைய ஆங்கிலம் தானாகவே நீண்ட வாக்கியங்களை நாடும். ஆயினும், இல்லாவிட்டால், அதேவேளை என்ற தொடர்பிடைச் சொற்களை விதியாகப் படிக்காமல் தேவைக்காகக் கேட்டு வாங்கிக்கொள்வார்.

வாசிப்புப் பகுதிகளில் ஒரு கவனம் தேவை. சூரியக் கலம், மின்கலச் சேமிப்பு, மின்வலையமைப்பு ஆகியவை பற்றி எளிய ஆங்கிலத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவை குளிர் நாடுகளை மனதில் கொண்டு எழுதப்பட்டவை. குளிர்காலத்தில் மின் தேவை உச்சத்துக்கு ஏறும் என்று அவை சொல்லும். நமக்கு உச்சம் மாலை ஆறரை மணிக்குப் பின். வாசித்ததை நம் நிலைமைக்கு மாற்றி எழுதச் சொல்வதே ஒரு நல்ல பயிற்சியாகிவிடுகிறது. அப்படியே பார்த்து எழுதுவதற்கும் வழியில்லாமல் போகிறது.

இன்னுமொரு நன்மை இருக்கிறது. அது என் தெரிவுக்கு உறுதி சேர்த்தது. நம் மாவட்டத்தில் தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் மூவரும் கணிசமான அளவில் வாழ்கிறார்கள். அரசியலமைப்பு ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக வைத்திருந்தாலும், வகுப்பறையில் நாம் அதை அப்படிப் பயன்படுத்த வாய்ப்பளிப்பது மிகக் குறைவு. கந்தளாயில் சிங்களத்தில் விஞ்ஞானம் கற்கும் ஒரு வகுப்பும், கிண்ணியாவில் தமிழில் கற்கும் ஒரு வகுப்பும் தத்தம் மின்பட்டியல் வரைபுகளைப் பரிமாறி, எங்கே ஏன் கூடுதல் என்று ஒருவரையொருவர் கேட்டு எழுத வேண்டுமாயின் ஆங்கிலத்தைத் தவிர வேறு வழியில்லை. மின்சாரம் எல்லா வீட்டுக்கும் ஒரே கம்பியில் வருவதால் இந்தப் பரிமாற்றத்தில் எவருக்கும் தயக்கமிருக்காது.

ஆகவே என் முடிவு வகுப்பைப் பொறுத்து இவ்வாறு அமையும். வாக்கியம் அமைக்கவே தடுமாறும் தரம் 10 வகுப்புக்கு டெங்குவோடு முதல் நான்கு வாரம், பின்னர் மின்பட்டியலிலிருந்து சூரிய மின்சாரத்துக்கு. சராசரித் தேர்ச்சியுள்ள தரம் 10, 11 வகுப்புகளுக்கு முழுத் தவணையும் சூரிய மின்சாரம். இடையே புல்மோட்டைக்கு ஒரு வாரம் ஒதுக்கினால் செயப்பாட்டு வினை உறுதிப்படும். கடற்கரைக் கிராமங்களின் பாடசாலைகளில், கடலுக்குப் போகும் குடும்பங்கள் அதிகமாயின், மின்சாரத்தை விலக்கித் திமிங்கிலத்தையும் பவளத்தையும் எடுப்பதே பொருத்தம். அங்கே மாணவரின் கையிலுள்ள சான்று அதுதான். உயர்தரப் பொது ஆங்கிலத்தில், நிகழ்தகவு கற்ற மாணவருக்குச் செயற்கை நுண்ணறிவை மேலே சொன்ன சரிபார்ப்புப் பயிற்சியோடு கொடுக்கலாம். தலைப்பு எதுவாயினும், முதல் வரைவை மாணவர் வகுப்பிலேயே கையால் எழுதி முடித்த பின்னரே கைத்தொலைபேசியைத் திறக்க அனுமதிக்க வேண்டும்.